வாட்டு மாடியில் ஒரு விமானம்

பசுந்தேயிலை விலை தலைகுப்புற விழுந்துகொண்டிருந்த காலத்தில்தான் நான் விமானம் கட்டினேன். சிரிக்கலாம். எழுதும்போது நானே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஊர் மொத்தமும் இறங்கிக்கொண்டிருந்தது. குன்னூர் பேருந்து நிலையத்துக்கு எப்போது போனாலும் யாரோ ஒரு குடும்பம் பாயும் பாத்திரமும் மிக்ஸியுமாகக் கீழே போகிற வண்டிக்காக நின்றது. நானோ அடுப்படி மேசையில் ஒரு சாண் இறக்கைக்கு அடியில் ஒரு துளி பசையை வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏறிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபேக்டரியில் டீ மேக்கர். சுற்றுப்பக்கச் சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் இலையை வாங்கி, மாடியில் பரப்பி வாட்டி, கீழே இறக்கி நசுக்கி, புளிக்க விட்டு, உலர்த்தித் தூளாக்குகிற இடம். வாட்டம் போதுமா, புளிப்பு ஏறிவிட்டதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவர் விரலும் மூக்கும்தான் தீர்ப்புச் சொல்லும். விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை தேறாது என்று பறிப்பதையே விட்டார்கள். இடுப்புயரச் செடிகள் ஆளுயரம் வளர்ந்து, தாங்கள் மரம் என்பது ஞாபகம் வந்ததுபோல் நின்றன. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு நினைத்தால் ஓடியது, பிறகு நின்றது. இலை வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்று முதலாளி சாவியை இவரிடமே விட்டுவிட்டுக் கோயமுத்தூர் போய்விட்டார்.

இலையில்லாத டீ மேக்கர் வீட்டில் இருப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்வார். கொடியில் காயும் என் சேலையை ஒரு பிடி பிடித்து, கையை விட்டு, அது விரிகிற வேகத்தைப் பார்ப்பார். சப்பாத்தி மாவின் பக்கத்தில் நின்று கண்ணை மூடுவார். அதுவரை வேடிக்கைதான். ஒருநாள் அதுவும் நின்றது. கொத்துமல்லிக் கட்டை அவர் முன்னால் வைத்தேன், அவர் அதைத் தொடவேயில்லை. அன்றைக்கு அதை நானே ஆய்ந்து வைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத் திருப்பூரிலிருந்து என் அண்ணன் ஃபோன் செய்தார். அவருக்கு அங்கே பனியன் கம்பெனி. சரக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும், மாடி வீடு காலியாக இருக்கிறது, இந்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மாப்பிள்ளை வாயால் முடிவு சொன்னால் போதும், மற்றதெல்லாம் தன் பொறுப்பு என்றார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் கேட்கும்போதுதான் பதில் சொல்ல வராது.

இவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும்தான். எனக்குப் போக விருப்பமில்லை. மலை, பனி, குளிர் என்றெல்லாம் கதை விட மாட்டேன். எட்டு மாதம் ஈரத்துணியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வெயில் கசக்குமா? பயம் வேறு. பனியன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இந்த மனுஷர் நல்ல சம்பளத்தோடு நல்லபடியாக மௌனமாகிவிடுவார் என்ற பயம். ஆனால் ‘இங்கேயே இருக்கலாம்’ என்று சொன்னால் ‘சோத்துக்கு?’ என்பது அடுத்த வார்த்தை. ஜாக்கெட் தைக்கிற என் மெஷின் ஒற்றையாய் எத்தனை தூரம் ஓடும். அதனால் இரண்டு பேரும் காலண்டரைப் பார்க்காமல் காலண்டரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

பக்கத்து எஸ்டேட் பங்களாவில் துரை குடும்பத்தோடு கிளம்பியதும் அந்த வாரம்தான். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, மேனேஜர். வேட்டி கட்டினாலும் எஸ்டேட்டில் அவர் துரைதான். சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தைக்கிற துணி ஏதாவது கிடைக்குமா என்று போனேன். புல்வெளியில் வெல்வெட் திரை, மீன் இல்லாத மீன் தொட்டி, ஒற்றைக் காலில் நிற்கிற விளக்கு, யாரோ சவாரி செய்து தேய்த்த பூட்ஸ் எல்லாம் மழைக்கு முன்னால் விலை போக வேண்டிய அவசரத்தில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. திரைத்துணியைத் தூக்கினேன். அடியில் ஒரு அட்டைப்பெட்டி. மூடியில் கடல், கடலில் வந்து இறங்குகிற, இரட்டை இறக்கை வைத்த, சக்கரத்துக்குப் பதிலாகப் படகு கட்டிய ஒரு விமானம். துண்டு துண்டாக ஒட்டிக் கட்டுகிற பொம்மை விமானம், திறந்தால் ஒரு துண்டுகூடப் பிரிக்கப்படவில்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டுகள் காம்போடு தொங்கின.

உள்ளங்கை வியர்த்தது. பன்னிரண்டு வயதில் எனக்கு இப்படி வியர்த்திருக்கிறது. அப்போது இதே அண்ணனுக்கு யாரோ சிங்கப்பூரிலிருந்து ஒரு போர்க்கப்பல் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு துண்டு ஒட்டிவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டார். மிச்சக் கப்பலை நான்தான் கட்டினேன். பிறகு இரண்டு மூன்று கட்டினேன். பிறகு பெரிய மனுஷி ஆனேன், தையல் வகுப்பு, கல்யாணம், மகள், மகளுக்கு விடுதி. ஒட்டுகிற வேலை என்பது செருப்பு வாரும் சுவரில் பெயர்ந்த காரையும் என்றாகிவிட்டது. முப்பது வருஷம் கழித்து, மூடுபனி புல்வெளியில் ஏறி வருகிற ஒரு மத்தியானம், நாற்பத்துச் சொச்சம் வயதுக்காரி ஒரு வெல்வெட் திரைக்குள் விமானத்தைச் சுற்றிக் குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டு வழியில் ஏறினாள். ஓடினாள் என்றே சொல்லலாம்.

“திரைக்குள்ள என்ன?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஏரோப்ளேனுங்க.”

அவர் தலையாட்டிவிட்டு மழையைப் பார்க்கப் போனார். ‘முட்டைக்கோசுங்க’ என்றிருந்தாலும் அதே தலையாட்டல்தான்.

பெட்டிக்குள் இருந்த பசைக்குழல் கல்லாகியிருந்தது. குன்னூர் மார்க்கெட்டில் பைப் விற்கிற கடைக்குப் போய், பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிடிக்கிற சொல்யூஷன் கேட்டேன். எத்தனை இஞ்ச் பைப்புங்க என்றார் கடைக்காரர். நான் கைப்பையிலிருந்து வாலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் வாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருப்பதிலேயே சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்து, கொஞ்சமாத் தொடுங்க, உருகிப் போயிரும் என்றார். முதலில் சட்டத்துக் காம்பில் தொட்டுப் பார்த்தேன். இரண்டு காம்பும் ஒன்றோடொன்று கரைந்து, இனி பிரிய மாட்டோம் என்று நின்றபோது நான் அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். குக்கர் விசில் அடித்தது. சரியான இடத்தில் அடித்தது.

என்னிடம் எல்லாமே இருந்தன என்பதுதான் ஆச்சரியம். ஊசி, குண்டூசி, இடுக்கி, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, துணிக் கிளிப்பு, நகவெட்டி. தையல்காரியின் டப்பாவும் விமானம் கட்டுகிறவளின் டப்பாவும் ஒன்றே. பெட்டியில் 1/72 என்று போட்டிருந்தது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்த எண் தலைக்கேறிவிட்டது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றால் என் வீட்டுக்காரர் சுண்டுவிரல் நுனி உயரம். ஃபேக்டரி எங்கள் கட்டிலில் அடங்கிவிடும். மழை ஒரு சிட்டிகை. திருப்பூர் ஒரு முறம். எதையும் எழுபத்திரண்டால் வகுத்துப் பாருங்கள், கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம் போல ஆகிவிடும். மனசு எந்நேரமும் ஒரு விரல்கடை மேலேயே மிதக்கும்.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்த்துக்கொண்டிருந்தேன் ஒரு மத்தியானம். பின்னாலிருந்து குரல்.

“அப்படியா பறிப்பாங்க? காம்பு கிழியுது பாரு.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவார் என்று தெரியும். நகவெட்டியை மட்டும் மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன். சித்த நேரத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம். டக், டக் என்று காம்பை ஒட்டிக் கிள்ளுகிற சத்தம்.

அடுத்த நாள் வந்து பார்த்தால் துண்டுகளெல்லாம் தட்டுகளில் ரகம் ரகமாகப் பிரிந்திருந்தன. பெருவெட்டு ஒரு தட்டு, நடுவெட்டு ஒரு தட்டு, தூசு மாதிரி இருந்ததெல்லாம் தேநீர் வடிகட்டியில். இலை போய்ச் சேராத அந்த விரல்களுக்கு வேலை போய்ச் சேர்ந்துவிட்டது. பசை வாடை குமட்டுகிறது என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். இறக்கைகளுக்கு நடுவே கட்டுகிற கம்பிகளுக்கு நான் சாம்பல் நூல் கோத்தேன். தொய்கிறது என்று என் கையிலிருந்து பிடுங்கி மெழுகு தடவி இழுத்துக் கட்டினார், சுண்டிப் பார்த்தார், இன்னொரு தடவை சுண்டினார். பெட்டியில் விமானி ஒருவன் இருந்தான், சுண்டுவிரல் நகத்தளவு ஆள், சட்டையைத் திறந்துவிட்ட பந்தாவோடு. இந்தக் குளிருக்கு இவன் செத்துப்போவான் என்று சொல்லி, என் நெயில் பாலிஷில் அவனுக்கு ஒரு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போட்டவர் இவர்தான். அந்தக் குல்லாவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து, அடக்கி, மூக்கு வழியாக வந்து, விமானி பறந்துபோய்ச் சர்க்கரை டப்பாவில் விழுந்தான். தேடி எடுத்தோம். ஸ்வெட்டரில் சர்க்கரை ஒட்டியிருந்தது. பனி பெய்திருக்கிறது என்றார்.

பேசினார் என்பதைக் கவனித்தீர்களா? ஆனால் திருப்பூரைப் பற்றிப் பேசவில்லை. மாதம் வழுக்கிக்கொண்டே போனது.

பெயின்டில்தான் மாட்டிக்கொண்டோம். வெள்ளி நிறம் வேண்டும். ஃபேக்டரி புகைக்குழாய்க்கு அடிக்கிற அலுமினியப் பெயின்ட் அரை டப்பா இருந்தது. அதை வடிகட்டி மெல்லிசாக அடித்தோம். அழகு! மூடுபனிக்குள் சாயங்கால வெளிச்சம் ஒளிந்துகொண்டிருப்பதைப் போல் ஒரு வெள்ளி. ஆனால் தொட்டால் ஒட்டியது. மறுநாளும் ஒட்டியது. அதற்கடுத்த நாளும். வெளியே தென்மேற்கு மழை விடாமல் தைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் உப்பே கரைந்து தண்ணீராக நிற்கிற மாசம், பெயின்ட் எப்படிக் காயும்? அடுப்புப் பக்கம் வைக்கலாமென்றால் பிளாஸ்டிக் உருகும். விசிறி போட்டால் ஈரக்காற்றுதான் சுற்றி வந்தது. அண்ணன் வருகிற ஞாயிறும் வந்துவிட்டது. அவர் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்.

காலைப் பலகாரம் முடிந்ததும் இவர் சாவிக்கொத்தை எடுத்தார்.

“அம்மிணி, மாடித் தொட்டியில வெச்சா என்ன?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்து, புரிந்ததும் சிரித்து, சிரிக்கும்போதே செருப்பை மாட்டியிருந்தேன். இலையை வாட்டுகிற நீளத் தொட்டிகள் ஃபேக்டரி மாடியில் வரிசையாக இருக்கின்றன. வயிற்றில் கம்பி வலை. ஒரு முனையில் ஆளுயர விசிறி. வலைக்கு அடியிலிருந்து காற்று ஏறி, மேலே பரப்பிய இலையின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்துக்கென்றே லேசான சூடும் சேர்க்கலாம். மலையில் மழைக்கு மசியாத ஒரே காற்று அங்கேதான் இருந்தது. விசிறியை ஓட்டாமல் வைத்தால் துருப்பிடிக்கும், எப்படியும் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்று இவர் வழியெல்லாம் எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்கவேயில்லை. ஒரு குடைக்கு அடியில், நடுவில் விமானத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நனைந்துகொண்டு போனோம்.

வாட்டு மாடி பெரிய வெற்றிடம். நடந்தால் பலகை பேசும். ஜன்னல் முழுக்க மூடுபனி சாய்ந்துகொண்டு நின்றது. அவர் முதல் தொட்டியின் வலைமேல் விமானத்தை வைத்தார், மூக்கு விசிறியைப் பார்க்க. காற்றை எதிர்த்து நின்றால்தான் விமானத்துக்கு அழகு என்றார். விரைப்பாகப் போய்ச் சுவிட்சைத் தட்டினார்.

விசிறி முதலில் முனகியது. இருமியது. பிறகு அந்த மாடியே மூச்சை உள்ளே இழுத்து விட்டதுபோல் ஒரு சத்தம். வலைக்கு அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் கிளம்பியது.

தேயிலைப் பஞ்சு. இலையின் நாரும் மெல்லிய முடியும் தூளுமாக ஃபேக்டரியில் எந்த மூலையிலும் படிகிற சமாச்சாரம். மாதக்கணக்கில் ஓடாத விசிறியின் வயிற்றில் அது மெத்தை மெத்தையாகச் சேர்ந்திருந்தது. நின்றுபோன தொட்டியை மறுபடி ஓட்டினால் முதலில் பெருக்கி, வெறும் காற்று விட்டு, எல்லாப் பஞ்சையும் துப்ப வைத்து, அப்புறம்தான் இலை போடுவார்கள். இது ஃபேக்டரிக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். இருபது வருஷமாக இவர் மற்றவர்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மேகம் எங்கள் தலையில் இறங்கியது. இமையில் இறங்கியது. தும்மிக்கொண்டே அவர் சுவிட்சைத் தேடி அணைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். காயாத வெள்ளியில் ஒரு இழை விடாமல் பஞ்சு ஒட்டியிருந்தது. மேல் இறக்கை, கீழ் இறக்கை, வால், படகு, இழுத்துக் கட்டிய நூல்கள்கூட. விமானத்துக்கு முடி முளைத்திருந்தது. தேயிலைக் காட்டில் ராத்திரி இறங்குமே கரடி, அதன் குட்டி ஒன்று இறக்கையோடு பிறந்தாற்போல் வலைமேல் உட்கார்ந்திருந்தது. மங்கி குல்லாக்காரன் கழுத்துவரை பஞ்சில் புதைந்து, எதற்கும் அசராமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. வந்த இடத்திலேயே நின்றது. இவர் முகத்தைப் பார்த்தேன். அசையவில்லை. போச்சு என்று நினைத்தேன். திருப்பிக் கொண்டுவந்த கொஞ்ச நஞ்சமும் போச்சு. வெறும் காற்று விட மறந்த டீ மேக்கர், அதையும் மனைவி பார்த்துவிட்டாள், கீழே ரோட்டில் ஒரு கார் நிற்கிற சத்தம் கேட்கிறது, அண்ணனாகத்தான் இருக்கும். எல்லாம் ஒரே நிமிஷத்தில்.

அவர் மெதுவாகக் குனிந்தார். கீழ் இறக்கையின் முடியை இரண்டு விரலால் பிடித்தார். கிள்ளினார். மூக்குக்குக் கொண்டுபோனார், கண்ணை மூடினார்.

“வாட்டம் பதமா வந்துருச்சு அம்மிணி” என்றார். “கீழ எறக்கி ரோலர்ல போட்டுறலாமா?”

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, வயிறு வலித்து, கண்ணில் நீர் வந்து, பஞ்சும் நீரும் சேர்ந்து கன்னத்தில் சேறாகி. அவரும் சிரித்தார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, தோள் குலுங்கி, ஒரு தும்மல் குறுக்கே வந்து, தும்மலும் சிரிப்பும் யார் முன்னால் என்று சண்டை போட்டு. நாங்கள் ஓய நினைத்தபோதெல்லாம் கரடிக்குட்டி எங்களைப் பார்த்தது. மறுபடி ஆரம்பித்தோம்.

வீட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு ஃபேக்டரிக்கு வந்து, சத்தத்தைத் தேடி மாடியேறி வந்த அண்ணன் கண்டது இதைத்தான்: தலை முதல் கால் வரை பழுப்பாக, தரையில் உட்கார்ந்து ஊளையிடுகிற தங்கச்சியும் மாப்பிள்ளையும்.

“ஏம்புள்ள, ஊடு பூட்டிக் கெடக்குது. இங்கென்ன பண்ணிட்டிருக்கறீங்க ரெண்டு பேரும்?”

நான் கையைத் தொட்டிப் பக்கம் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். இது என்ன எலியா என்று கேட்டார். நாங்கள் இன்னொரு தடவை விழுந்தோம்.

சிரிப்புக்கு ஒரு முடிவு உண்டல்லவா? வந்தது. மழைச் சத்தம் மறுபடி கேட்டது. அண்ணன் கைக்குட்டையால் ஒரு பலகையைத் தட்டி உட்கார்ந்தார். அவர் சுற்றி வளைக்கிறவர் இல்லை. மாடி வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று, அடுத்த வாரமே வந்தாலும் சரி என்றார். பிறகு நேராகக் கேட்டார்.

“என்னுங்க மாப்ள, முடிவு பண்ணியாச்சுங்களா?”

என் சிரிப்பு முழுக்க இறங்கிவிட்டது. இவர் விரலில் இருந்த பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டி, உருட்டி, மிளகாக்கினார்.

“மச்சான், தொட்டிக்கு வெறும் காத்து உடாம இலை போடறவன என்ன பண்ணுவேன் தெரியுங்களா? அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிச்சிருவேன்” என்றார். “இன்னைக்கு நானே உட மறந்துட்டனுங்க. சும்மா இருந்த கொஞ்ச நாளைக்கே இது. கீழ வந்து ரெண்டு வருஷம் பொட்டி எண்ணுனா மிச்சம் என்ன இருக்கும்? நீங்க கூப்பிட்டது பெருசு. ஆனா நான் வரலீங்க.”

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. சோத்துக்கு என்ன வழி என்று பொறுமையாகக் கேட்டார். இவர் அதற்கும் வைத்திருந்தார், எனக்கே தெரியாமல். ஊட்டியைத் தாண்டிச் சோலூர்ப் பக்கம் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டிருக்கிறார்கள். கேரட் கழுவுகிற மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள். ஃபேக்டரி கூப்பிடும்வரை பஸ் ஏறிப் போய்வரலாம். விசாரித்து வைத்திருக்கிறேன் என்றார். எப்போது விசாரித்தார்? நூலுக்கு மெழுகு வாங்கி வருகிறேன் என்று ஊட்டிக்குப் போய்ப் பொழுது சாய வந்தாரே, அன்றைக்கா? நகவெட்டியைத் தள்ளி வைத்த என் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் சுருங்கிப்போனது. சுருங்கியதும் சுகமாகத்தான் இருந்தது.

“கேரட்டுங்களா” என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ என்ன சொல்றே கண்ணு? உங்கூட்டுக்காரர் சொல்றதுக்குத் தலையாட்டாத. உம் மனசுல இருக்கறதச் சொல்லு.”

ஒரு மாதம் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை அது. எவ்வளவு கனம் என்று நினைத்திருந்தேன். வெளியே வரும்போது எழுபத்திரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

“எனக்கும் வர இஷ்டமில்லீங்கண்ணா.”

இவர் என்னைப் பார்த்தார். ஒரு மாதமாக இரண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் மூட்டை கட்டத் தயாராக இருந்திருக்கிறோம் என்பது அந்தப் பார்வையில் தெரிந்து, மறுபடி சிரிப்பு வரப் பார்த்தது. அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேரட்டைக் கழுவுங்க, எலியைக் கழுவுங்க, என்னவோ பண்ணுங்க, பசிக்குது, சோறு ஆக்கியாச்சா இல்லையா என்றார். இரண்டு தடவை கனைத்துக்கொண்டார்.

ஆக்கவில்லை. ஆக்க இன்னும் நேரமாகும் என்று இவர்தான் சொன்னார். ஒரு தொட்டி பஞ்சைத் துப்பியாயிற்று, மிச்சத் தொட்டியெல்லாம் அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, அதை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? மூலையிலிருந்து மூன்று தென்னந்துடைப்பத்தை எடுத்துவந்தார். எனக்கொன்று. தனக்கொன்று. மூன்றாவதை அண்ணனிடம், மரியாதை குறையாமல், இரண்டு கையாலும் நீட்டினார்.

“பேன்ட்டை மடிச்சுக்குங்க மச்சான்.”

அண்ணன் துடைப்பத்தைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மடித்துக்கொண்டார். இவர் அடுத்த சுவிட்சுக்குப் போய், கையை அதன்மேல் வைத்து, தயாரா என்பதுபோல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டினேன். தட்டினார். விசிறி இருமியது.